எலிக்குக் குணமாகிறது, எங்கள் அப்பாவுக்கு ஏன் ஆகவில்லை?

பனங்காட்டான் · திங்கள், இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. ஐந்து வாரத்துக்கு முன்பு பக்கவாதம் வந்தது. காலையில் டீ டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. கை மரத்துப்போய்விட்டது என்று நினைத்து நாங்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். வாய் கோணிய பிறகுதான் வண்டி பிடித்தோம். ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் ஆறு மணி நேரம் ஓடிவிட்டது. மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள். இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறார். பேச்சு பெரும்பாலும் தெளிந்துவிட்டது. வலது கை மட்டும் மடியிலேயே கிடக்கிறது.

கேள்விக்கு வருகிறேன். குடும்ப வாட்ஸப் குழுவில் வாரம் ஒரு செய்தி வருகிறது. "எலிகளின் மூளை செல்களைக் காப்பாற்றிய மருந்து." "ஸ்ட்ரோக் வந்த எலிக்குப் புது நியூரான் வளர்ந்தது." நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே இதே செய்தியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மருந்தெல்லாம் எங்கே போகிறது? டாக்டரிடம் கேட்டால் சிரித்துவிட்டு, ஒழுங்காகப் பிசியோவுக்குக் கூட்டிப்போங்கள் என்கிறார். மருந்தை மறைக்கிறார்களா, இல்லை அது வேலையே செய்யவில்லையா?

கணக்கன் · திங்கள், இரவு 10.41

யாரும் மறைக்கவில்லை. தோற்றுப்போயின, அவ்வளவுதான். 2006-ல் மெல்போர்னில் ஒரு குழு உட்கார்ந்து எண்ணியது. பக்கவாதம் வந்தவுடன் கொடுக்கலாம் என்று ஆய்வகங்களில் சோதித்த சிகிச்சைகள் 1,026. அதில் மனிதர்கள் வரை வந்தவை 114. மூளை செல்லை நேரடியாகக் காப்பாற்றும் மருந்து என்று எடுத்தால் உலகம் பூராவும் ஒப்புக்கொள்கிற அளவுக்குக் கரையேறியது ஒன்றுகூட இல்லை.

எனக்கு எரிச்சல் மூட்டியது இன்னொரு விஷயம். மனிதர்களிடம் சோதிக்கப் பொறுக்கியெடுத்த அந்த 114, மிச்சத்தைவிட விலங்குகளில் நன்றாக வேலை செய்தவை என்று சொல்ல ஆதாரமே கிடைக்கவில்லை. பிறகு எதைப் பார்த்துப் பொறுக்கினார்கள்?

வல்லாரை வேந்தன் · திங்கள், இரவு 11.05

தினமும் காலையில் வெறும் வயிற்றில் வல்லாரை கொடுங்கள் தம்பி. மூளை செல் வளரும். வெளிநாட்டுக்காரனே ஆராய்ச்சி செய்து ஒப்புக்கொண்டுவிட்டான்.

எலிக்காரி · செவ்வாய், காலை 6.20

வேந்தன் ஐயா, வல்லாரை எலியில் பலன் தந்தது என்று ஆய்வுக் கட்டுரை இருப்பது உண்மைதான். சிக்கலே அதுதான். எலியில் எல்லாமே வேலை செய்கிறது.

எலிகளுக்குப் பக்கவாதம் வரவைப்பதுதான் ஐந்து வருடம் என் வேலை. எப்படி என்று சொல்கிறேன், இதை யாரும் செய்திகளில் எழுதுவதில்லை. மயக்க மருந்து கொடுத்த எலியை வெதுவெதுப்பான பாயில் மல்லாக்கப் படுக்க வைப்போம். அந்தப் பாய் முக்கியம். எலி உடம்பு குளிர்ந்தால் மூளைக்கு அதுவே பாதுகாப்பாகிவிடும், முடிவு கெட்டுவிடும். கழுத்தில் சின்னதாக வெட்டி, தலைக்குப் போகும் ரத்தக்குழாயைப் பிரித்தெடுத்து, நுனியில் சிலிக்கான் பூசிய நைலான் இழையை உள்ளே விட்டுத் தள்ள வேண்டும். ஏறக்குறைய 18, 20 மில்லிமீட்டர் போனதும் விரலில் லேசாக ஒரு தடை தட்டும். அங்கே நிறுத்திவிட வேண்டும். மூளையின் நடுத் தமனிக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். கடிகாரத்தைப் பார்த்து 90 நிமிடம். பிறகு இழையை உருவிவிடுவோம், ரத்தம் திரும்பப் பாயும்.

எலி விழித்ததும் வாலைப் பிடித்துத் தூக்கினால் எதிர்ப்பக்க முன்னங்கால் உள்நோக்கி மடங்கும். தரையில் விட்டால் வட்டம் அடிக்கும். மறுநாள் மூளையை எடுப்போம். பாதாம் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது, எடை இரண்டு கிராம்தான். அதை வில்லை வில்லையாக நறுக்கி ஒரு சாயத்தில் போட்டுவைத்தால், உயிருள்ள இடம் பீட்ரூட் பொரியல் மாதிரி சிவக்கும், செத்த இடம் தேங்காய்ப் பத்தை போல வெள்ளையாகவே நிற்கும். அந்த வெள்ளை எவ்வளவு சுருங்கியது என்பதைத்தான் "மருந்து 40 சதவீதம் காப்பாற்றியது" என்று செய்தியில் படிக்கிறீர்கள்.

இப்போது அப்பாவை நினைத்துப் பாருங்கள் தம்பி. அவர் மூளையில் அடைத்ததை 90-வது நிமிடத்தில் உருவி எடுக்க யாரும் இல்லை. எங்கள் எலிகளுக்கு மூன்று மாத வயது, எல்லாம் ஆண், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஒரே வம்சத்தில் பிறந்தவை. மருந்தை அடைப்பு ஏற்பட்ட பத்தாவது நிமிடத்தில் ஏற்றுவோம். சில ஆய்வுகளில் அடைப்பதற்கு முன்பே ஏற்றிவிடுவார்கள்! எந்த மனிதனுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது?

இரவுப்பணி · செவ்வாய், காலை 8.55

டியூட்டி முடிந்து வந்து படித்தேன். அவசரப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

பனங்காட்டான், தைலம் தேய்த்ததற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் தைலம் மணக்கத்தான் வருகிறார்கள். உடம்பு எடையில் மூளை 2 சதவீதம், ஆனால் இழுக்கிற ஆக்சிஜன் ஏறக்குறைய 20 சதவீதம். இருப்பு வைத்துக்கொள்ளத் தெரியாத உறுப்பு. ரத்தம் நின்றால் சில நிமிடத்தில் செல்லின் பம்புகள் நின்றுவிடும். குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வெளியே கொட்டும், அது பக்கத்துச் செல்களைத் தட்டி எழுப்பி அவற்றுக்குள் கால்சியத்தைத் திணிக்கும், அவையும் சாகும். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நியூரான்கள் போகின்றன என்று 2006-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். மனித மூளையில் மொத்தம் 8,600 கோடி இருந்தாலும் கட்டுப்படியாகாத செலவு.

ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் சாவதில்லை. நடுவே ஒரு பகுதி உடனே போய்விடும். அதைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற ஒரு விளிம்பு இருக்கும், பெனம்ப்ரா என்போம். நாங்கள் ஓடுவதெல்லாம் அதற்காகத்தான்.

இரண்டாவது, இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு. கரைக்கிற ஊசிக்கு முதலில் 3 மணி நேரம்தான் வைத்திருந்தார்கள், 2008-ல் வந்த ஆய்வுக்குப் பிறகு நாலரை. அதோடு கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். பெரிய குழாய் அடைப்பாக இருந்து, ஸ்கேனில் அந்த விளிம்பு இன்னும் உயிரோடு தெரிந்தால், கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுப்பதை 2018-ல் வந்த இரண்டு ஆய்வுகளின்படி 16 மணி நேரம் வரை, அவற்றில் ஒன்றின்படி 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம். எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் கேட்டுப் பாருங்கள். வழியில் ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

கணக்கன் · செவ்வாய், மதியம் 1.30

எலிக்காரி அக்கா சொன்ன குறையெல்லாம் துறைக்குள் தெரியாததல்ல. 1999-லேயே அறிஞர்களும் கம்பெனிக்காரர்களும் கூடி விதி வகுத்தார்கள்: மருந்தின் அளவை மாற்றிப் பார், தாமதமாகக் கொடுத்துப் பார், வேறு இனத்தில் பார், குரங்கில் பார். அந்த விதிகளை மதித்து வந்த மருந்து என்று கொண்டாடப்பட்டது என்எக்ஸ்ஒய்-059. எலியில் ஜெயித்தது, மார்மோசெட் குரங்கில் ஜெயித்தது. அஸ்ட்ராஜெனிகா என்ற மருந்துக் கம்பெனி பெரிய அளவில் இறங்கியது. 2006-ல் முதல் சோதனை, 1,722 பேர், கொஞ்சம் பலன் தெரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த வருடம் இரண்டாவது முடிவு, 3,306 பேர். ஒன்றுமில்லை. அதோடு பல கம்பெனிகள் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதை விட்டுவிட்டன.

பிறகு பழைய விலங்கு ஆய்வுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். எந்த எலிக்கு மருந்து என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்த ஆய்வுகளில், அப்படிச் செய்யாதவற்றில் வந்த பலனில் பாதிகூட இல்லை. மருந்து பாதி, ஆசை பாதி!

எலிக்காரி · செவ்வாய், மாலை 7.15

> மருந்து பாதி, ஆசை பாதி

சுருக்கென்று குத்துகிறது, ஆனால் சரி. ஆரம்ப காலத்தில் கூண்டில் சீட்டு ஒட்டியிருக்கும், எது மருந்து எலி என்று எனக்கே தெரியும். கால் மடங்கியதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், மருந்து எலிக்கு ஒரு மதிப்பெண் தாராளமாகப் போட்டிருக்கிறேன். பொய் எழுதவில்லை. கண்ணுக்கே அப்படித்தான் தெரிந்தது.

இன்னொன்று எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. நாங்கள் காலை பத்து மணிக்கு ஆபரேஷன் செய்வோம். எங்களுக்குப் பத்து மணி, எலிக்கு அது நடுராத்திரி. பகலில் தூங்கி இரவில் மேய்கிற பிராணி. மனிதர்களுக்கோ பக்கவாதம் பெரும்பாலும் விழித்து நடமாடும் நேரத்தில் வருகிறது. 2020-ல் பாஸ்டன் குழு ஒன்று இதைச் சோதித்தது. கூடுதல் ஆக்சிஜன் உட்பட மூன்று பழைய சிகிச்சைகளை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒன்று என்எக்ஸ்ஒய்-059-க்கு அண்ணன் முறை ஆகிற வேதிப்பொருள். பகலில், அதாவது எலி தூங்கும் நேரத்தில், அடைப்பு ஏற்படுத்தினால் மூன்றும் பலன் தந்தன. இரவில், எலி விழித்திருக்கும்போது அடைத்தால் பலன் காணாமல் போனது. விழித்திருக்கும் மூளையில் அந்த விளிம்புப் பகுதியே குறுகலாக இருந்ததாம். காப்பாற்ற மிச்சம் இருந்தால்தானே மருந்து காப்பாற்றும்?

இது ஒன்றே முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உலகம் பூராவும் ஆய்வக ஊழியர்கள் காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை வேலை செய்ததை மனித மருந்து என்று நம்பியிருக்கிறோம். ஒருத்தராவது ராத்திரி ஷிப்ட் போட்டிருக்கலாம்.

நாலுகால் நண்பன் · செவ்வாய், இரவு 9.48

இதையெல்லாம் படித்த பிறகும் எலிகளைக் கொல்லவேண்டுமா என்று யாருமே கேட்கவில்லையே. எலியின் மூளை வேறு, நம் மூளை வேறு. அதில் 20 கோடி நியூரான்தான். மடிப்பே இல்லாத மூளை. 1,026 முறை ஏமாந்தும் புத்தி வரவில்லை என்றால், வாயில்லா ஜீவன்களைச் சாகடித்துக் கட்டுரை எழுதுகிற பிழைப்பு என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. மன்னிக்கவும், எலிக்காரி. தனிப்பட்ட முறையில் சொல்லவில்லை.

கணக்கன் · செவ்வாய், இரவு 10.20

இனத்துக்கு இனம் மாறும் என்பதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. 1982-ல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று சிலை மாதிரி உறைந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பார்த்தால் முற்றிய பார்க்கின்சன் நோய். திருட்டுத்தனமாகத் தயாரித்த ஹெராயினில் எம்பிடிபி என்ற கலப்படம் இருந்திருக்கிறது. அதே பொருளை ஆய்வக எலிக்குக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. குரங்குக்குக் கொடுத்தால் அப்படியே உறைந்துபோகும். வெறும் எலியில் மட்டும் சோதித்திருந்தால், ஆபத்தில்லை என்று சான்றிதழ் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் பனங்காட்டானின் அப்பாவுக்கு நேரம் தவறிப்போன அந்தக் கரைக்கும் ஊசி? 1985-ல் அது முயலில்தான் நிரூபணமானது. கட்டியைத் தமனிக்குள் விட்டு, ஊசி போட்டு, முயல் நடக்கிறதா என்று பார்த்தார்கள். பத்து வருடம் கழித்து 624 மனிதர்களிடம் சோதித்தபோதும் ஜெயித்தது.

சமீபத்தில் அமெரிக்காவில் ஆறு ஆய்வகங்கள் சேர்ந்து ஒன்று செய்தன. ஆறு சிகிச்சைகள், 2,615 எலிகளும் சுண்டெலிகளும். ஆணும் பெண்ணும், வயதானவை, பருத்தவை, பிரஷர் உள்ளவை. எது மருந்து என்று யாருக்கும் தெரியாது. 2023-ல் முடிவு: தேறியது யூரிக் அமிலம் ஒன்றுதான். அதுவும் ஸ்பெயினில் 411 நோயாளிகளிடம் ஏற்கெனவே கொடுத்துப் பார்த்து, மொத்தத்தில் தெளிவான பலன் தெரியாமல் போன பொருள். எனக்கு இது நம்பிக்கை தருகிறதா, இல்லையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. குறைந்தது, ஆறில் ஐந்து பேர் வாசலிலேயே திரும்பிப் போனார்கள்.

பனங்காட்டான் · புதன், இரவு 9.30

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், எல்லோருக்கும் நன்றி. சரி, காப்பாற்றும் கட்டத்தை அப்பா தாண்டிவிட்டார். செத்த செல்லுக்குப் பதில் புதிது வளரும் என்ற செய்தி? அதுவாவது உண்மையா?

எலிக்காரி · வியாழன், காலை 6.10

எலியில் உண்மை. பக்கவாதம் வந்த எலியின் மூளைக்குள் புதிதாகப் பிறந்த நியூரான்கள் காயமான இடத்தை நோக்கி நகர்ந்து போவதை 2002-ல் ஸ்வீடனில் காட்டினார்கள். செய்தி அங்கேயே நின்றுவிட்டது. மிச்சம் இது: போனவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் செத்துவிட்டன. இழந்த செல்களில் ஈடான பங்கு 0.2 சதவீதம். ஆயிரம் பேர் காலி செய்துவிட்டுப் போன ஊருக்கு இரண்டு பேர் திரும்பி வந்த மாதிரி. பெரியவர்களின் மூளையில் புது நியூரான் பிறக்கிறதா என்பதிலேயே ஒரு கட்சி ஆம், ஒரு கட்சி இல்லை என்று இன்னும் மல்லுக்கு நிற்கிறது.

கேட்காததை ஒன்று சொல்கிறேன், எனக்குப் பிடித்த பிராணி. அலாஸ்காவில் நில அணில் ஒன்று உண்டு. குளிர்காலத் தூக்கத்தில் அதன் உடம்பு வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 2.9 டிகிரி வரை போனதை அளந்திருக்கிறார்கள். மூளைக்குப் போகும் ரத்தம் துளித்துளியாகச் சுருங்கிவிடும். நமக்கு அது பக்கவாதம், அதற்கு அது தூக்கம். அதன் சொந்தக்கார ஐரோப்பிய நில அணிலில் இன்னொரு வேடிக்கை: தூங்கும்போது மூளையின் டவ் புரதம் அல்சைமர் நோயாளிகளிடம் மாறுவதைப் போலவே மாறுகிறது. விழித்ததும் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. அணில் அந்தக் கதவை எப்படித் திறந்து மூடுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும், நாலுகால் நண்பன் என்னை எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்வேன்.

கைவேலை · வியாழன், மாலை 4.45

இவ்வளவு நாள் வேடிக்கை பார்த்தேன். நான் பிசியோ. பனங்காட்டான் சார், டாக்டர் சிரித்தார் என்றீர்களே, அவர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. விலங்கிலிருந்து மனிதனுக்கு உருப்படியாக வந்து சேர்ந்ததில் ஒன்று நாங்கள் செய்கிற வேலைதான்.

1996-ல் அமெரிக்காவில் அணில் குரங்குகளின் மூளையில், கையை ஆட்டுவிக்கும் பகுதியில் சின்னக் காயம் ஏற்படுத்தினார்கள். சும்மா விட்ட குரங்குகளுக்குக் காயத்தைச் சுற்றியிருந்த நல்ல இடமும் கையை மறந்துவிட்டது. வேறு சில குரங்குகளுக்கு நல்ல கையை அசைக்க முடியாதபடி சட்டை மாட்டி, சின்னச் சின்னக் குழிகளிலிருந்து உணவு உருண்டையை ஊனமான கையால் நோண்டி எடுக்கப் பழக்கினார்கள். அவற்றுக்கு அந்த இடம் கையைப் பிடித்துவைத்துக்கொண்டது. ஒரு புது செல் வளரவில்லை. இருந்த செல்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன.

நல்ல கையைத் தடுத்துவைக்கும் இந்த உத்தியை, தன்னுடைய குரங்கு ஆய்வுகளை வைத்து, மனிதர்களுக்குக் கொண்டுவந்தவர் எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, வராத கைக்கு இரண்டு வாரம் கடுமையான பயிற்சி. 222 பேரிடம் செய்த சோதனை 2006-ல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் முன்னேற்றம் நின்றது. அவர்கள் எல்லோரும் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். மணிக்கட்டையும் விரலையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்கள். இரண்டும் முக்கியம்.

நாலுகால் நண்பன் · வியாழன், இரவு 8.02

டாப் பெயரை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். சில்வர் ஸ்பிரிங்கில் அவருடைய 17 குரங்குகள் இருந்த கூண்டுகளின் லட்சணத்தை 1981-ல் படம் எடுத்து வெளியே கொண்டுவந்த பிறகுதான் அமெரிக்காவில் விலங்கு உரிமை இயக்கமே பெரிதானது. கையில் உணர்ச்சி நரம்பை வெட்டிவிடப்பட்ட குரங்குகள், தங்கள் விரலையே கடித்துக்கொண்டவை. போலீஸ் வந்து சோதனை போட்டது.

கைவேலை · வியாழன், இரவு 8.40

உண்மை. வழக்கு நடந்தது, முதலில் தண்டனை, மேல்முறையீட்டில் ரத்து. படங்களைப் பார்த்திருக்கிறேன். நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் தினமும் என்னிடம் வருகிறவர்களின் கையில் உறையை மாட்டும்போது அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தேதான் மாட்டுகிறேன்.

எலிக்காரி · வெள்ளி, காலை 6.30

பனங்காட்டான் தம்பி, இதைப் படித்த வேகத்தில் இன்றைக்கே அப்பாவின் இடது கையைக் கட்டிப்போட்டுவிடாதீர்கள். காயம் ஆன உடனே முதல் இரண்டு வாரம் எலியின் நல்ல முன்னங்காலுக்குக் கட்டுப் போட்டு, ஊனமான காலை மட்டுமே நம்பி இருக்கும்படி செய்தால் மூளையின் காயம் பெரிதாகிறது. 1996-லேயே தெரியும். மனிதர்களிலும், ஆரம்ப நாட்களில் அளவுக்கு மீறிப் பயிற்சி கொடுத்த குழு பின்தங்கியது. இந்த ஒரு விஷயத்தில் எலி சரியாகத்தான் சொன்னது.

கைவேலை · வெள்ளி, காலை 9.10

அக்கா சொல்வது சரி. நேரில் பார்க்கிற பிசியோ முடிவு செய்யட்டும். சார், அப்பாவால் விரலைக் கொஞ்சமாவது விரிக்க முடிகிறதா?

பனங்காட்டான் · ஞாயிறு, இரவு 9.55

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் லேசாக விரிகின்றன. கட்டைவிரல் இன்னும் பிடிவாதம். எங்கள் பிசியோவிடம் இங்கே நடந்த பேச்சைக் காட்டினேன். முழு நாள் உறை இப்போது வேண்டாம், தினமும் அரை மணி நேரம் மட்டும், வீட்டில் இருக்கும் சாமானை வைத்தே செய்யலாம் என்றார். அம்மா வேர்க்கடலை வேகவைத்து ஒரு தட்டில் கொட்டினாள். குரங்குக்குக் குழி, அப்பாவுக்குப் பணியாரக் கல். குழிக்கு ஒரு கடலை.

இடது கைக்கு நாங்கள் மாட்டியது அடுப்பங்கரையில் சட்டி இறக்குகிற துணி உறை. முதல் நாள் அதைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி எறிந்துவிட்டார். இரண்டாம் நாள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். இன்றைக்கு இருபது நிமிடத்தில் நான்கு கடலையை வெளியே எடுத்தார். உரிக்க முடியவில்லை. தோலோடு வாயில் போட்டுக்கொண்டு, உப்பு போதவில்லை என்றார்.

வேந்தன் ஐயா, அம்மா வல்லாரைத் துவையலும் அரைத்திருக்கிறாள். அது சும்மா ருசிக்கு.